நீ மறைத்த இரண்டாவது கோடு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாம், புதுச் சப்பாத்து வாங்கினாயாம். சந்தோஷம். போன ஞாயிற்றுக்கிழமை நீ புறப்பட்டபோது நான் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை. தலைவலி என்று சொல்லிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். தலைவலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மாத்தளையிலிருந்து அத்தனை தூரம் வேனில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தால் வாயைத் திறந்துவிடுவேன், உன் அம்மா அழுவாள், பயணம் கெட்டுப்போகும் என்று பயந்தேன். இப்போது நீ கடல் தாண்டிப் போய்விட்டாய், இனி வாயைத் திறக்கலாம். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நடுவில் நாலு இங்கிலீஷ் சொல்லைப் போட்டு என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் கொப்பியில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் அம்மா பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவாள். அவளும் படிப்பாள். படிக்கட்டும். இதை யார் படித்தாலும் எனக்கு இனிக் கவலை இல்லை.

நீ புறப்படுவதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, மேசையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் இருக்க, நீ லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று நாலு நாளாக நினைத்துப் பார்க்கிறேன், அப்படியும் இருந்திருக்க முடியாது. அதற்கு முதல் வாரம் பூசை முடிந்ததும் ஃபாதர் மைக்கைப் பிடித்து உன் பேரைச் சொல்லி, இந்தப் பங்கின் பிள்ளை வெளிச்சத்தை வைத்தே கரண்ட் ஓட்டுகிறான் என்று அறிவித்தார். ஆளாளுக்கு வந்து என் கையைக் குலுக்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "அப்ப இனி லைட் பில்லு கொறையுமா?" என்று கேட்டார். மகன் செய்கிற வேலை என்னவென்று அப்பனுக்குத் தெரியாமல் இருப்பது வெட்கமாக இருந்தது. அதனால் கேட்டேன்.

நீ நன்றாகத்தான் விளக்கினாய், அதில் குறை சொல்ல மாட்டேன். "சில உலோகத்த ரொம்ப ரொம்பக் குளிர வச்சா அதுல கரண்ட் தடையே இல்லாம ஓடும்ப்பா. சூடாகாது, கொறையாது. மீகடத்தின்னு ஸ்கூல் புத்தகத்துல இருக்கும்" என்றாய். அதில் கரண்டை யார் ஓட்டுவது என்று கேட்டேன். "அதான் என் வேல. வயர மாட்டி ஓட்டாம வெளிச்சத்த அடிச்சு ஓட்டுறது. எந்தப் பக்கம் போகணும்னு வெளிச்சமே சொல்லணும்." எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாய். எழும்பிப் போய் அம்மாவின் தையல் மெசின் லாச்சியிலிருந்து ஒரு ஸ்குரு ஆணியை எடுத்து வந்தாய். "இத வலது பக்கம் திருகினா உள்ள போகும், இடது பக்கம் திருகினா வெளிய வரும், இல்லயா? நான் அடிக்கிற வெளிச்சமும் சுத்திக்கிட்டே வர்ற வெளிச்சம். வலது பக்கம் சுத்தினா கரண்ட் இந்தப் பக்கம் போகணும். இடது பக்கம் சுத்தினா அந்தப் பக்கம். நடுவுல ஒரு கண்ணாடித் தகடு இருக்கு, அத ஒரு சின்னத் திருப்புத் திருப்பினா வெளிச்சம் சுத்துற பக்கம் மாறிடும். அவ்வளவுதான்." அந்த நேரத்தில் எனக்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ரொட்டியைத்தான் பிய்த்தேன்.

பிறகு லெப்டொப்பில் ஒரு படத்தைக் காட்டினாய், கரண்ட் போகும் பக்கத்தைக் கோடாகப் போட்டது. ஒரு சிவப்புக் கோடு அழகாக மேலே ஏறிப் போனது. "இது வலது பக்கம் சுத்தினப்போ" என்றாய். நான் படிக்காதவன்தான். ஆனாலும் நீ இப்போதுதான் ஸ்குருவைக் காட்டியிருந்தாய். அதனால் கேட்டேன், "இடது பக்கம் திருகினது எங்க?" அந்தக் கேள்விக்கு உன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேறு ஒரு இடத்திலிருந்து நீலக் கோடு ஒன்றைத் தேடி எடுத்தாய். கீழே இறங்க வேண்டிய அதுவும் மேலேதான் ஏறியது. சிவப்பை விடக் கொஞ்சம் தாழ்ந்து, ஆனால் அதே பக்கம். "ரெண்டு பக்கம் திருகினாலும் உள்ளதான் போகுதுன்னா அது ஸ்குரு இல்லயே, அது வெறும் ஆணி. நீ சுத்தியலால அடிக்கிற" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. ஸ்குருவை மேசையில் வைத்துவிட்டு, "வெளிச்சம் பட்ட எடம் லேசா சூடாகும்ப்பா. சூடானாலும் கரண்ட் ஒரு பக்கமா ஒதுங்கும். அதுவாத்தான் இருக்குமோன்னு எனக்கே ஒரு பயம் இருக்கு" என்றாய். அப்படியானால் நீ அச்சுக்கு அனுப்பிய கட்டுரையில் இந்த நீலக் கோட்டை எங்கே போட்டிருக்கிறாய் என்று கேட்டேன். போடவில்லை என்றாய். அதை அளந்த நாளில் சாம்பிள் பழசாகிவிட்டது என்று கொப்பியில் எழுதி ஒதுக்கிவிட்டாயாம். உன்னை வைத்து வேலை வாங்கும் பேராசிரியர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "அவருக்கு இந்தக் கோடு இருக்கிறதே தெரியாது."

அந்தப் பெரிய மனிதர் மறைக்கச் சொல்லி, நீ வேறு வழியில்லாமல் மறைத்திருந்தாலும் என் கோபம் பாதியாவது குறைந்திருக்கும். யாரும் உன்னை மிரட்டவில்லை. யாரும் கேட்கக்கூட இல்லை. நீயாக, தனியாக உட்கார்ந்து, ஒரு கோட்டைத் தூக்கி லாச்சியில் போட்டுப் பூட்டினாய். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, அச்சுக்கு முன் கடைசித் திருத்தம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னாய். "அப்ப இன்னும் நேரம் இருக்கு. போட்டுரு" என்றேன். அதற்கு நீ சொன்ன பதிலை நான் இங்கே எழுதப் போகிறேன், ஏனென்றால் உன் அம்மாவும் அதைக் கேட்டாள். குசினியில் ஓடிக்கொண்டிருந்த குழாயை அவள் அப்போதுதான் மூடினாள். "நீங்க மட்டும் என்னாப்பா? இருபத்தேழு வருஷமா வெள்ளக்காரங்க முட்டியில எண்ணெய் தேச்சு வித்தீங்களே, நீங்க எந்தக் கோட்ட அவங்களுக்குக் காட்டினீங்க? அந்தக் காசுலதானே நான் படிச்சேன்?"

எனக்குக் கோபம் வந்தது. இந்தக் கடிதம் எழுதுகிறபோதும் வருகிறது. நீ அப்பனை எதிர்த்துப் பேசினாய் என்பதற்காக இல்லை. நீ சொன்னது அத்தனையும் உண்மை என்பதற்காக. உண்மை தெரிந்த பிள்ளை, அந்த உண்மையை எடுத்து ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்கிறாயே, அதற்காக. அப்பா செய்தது பிழை, அதனால் நானும் செய்வேன் என்றா உன்னை வளர்த்தேன்? ஆமாம், அப்படித்தான் வளர்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

அலுவிகாரைப் பக்கம் ரோட்டோரம் இருக்கும் அந்த ஸ்பைஸ் கார்டன் உனக்குத் தெரியும். கண்டியிலிருந்து சீகிரியாவுக்குப் போகும் டூரிஸ்ட் வேன் எல்லாம் அங்கே நிற்கும். கறுவா, ஏலம், சாதிக்காய், கொக்கோ என்று ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டு போவேன். அதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் சத்தியம். கடைசியில் ஓலைக் கொட்டிலில் வாங்குப் பலகையில் உட்கார வைத்து, வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, மூட்டு எண்ணெய்ப் போத்தலைத் திறப்பேன். வைத்தியனா நான்? இல்லை. ஆனால் கோட்டுப் போட்டால் வெள்ளைக்காரன் கையைத் தானாக நீட்டுவான். பத்து நிமிஷம் அழுத்தித் தேய்ப்பேன். வேனில் உட்கார்ந்து உட்கார்ந்து இறுகிப்போன உடம்பு, யார் தேய்த்தாலும் இளகும். "வலி போச்சு" என்பார்கள். "பார்த்தீர்களா எண்ணெயின் மகிமையை" என்பேன். கை செய்த வேலையை எண்ணெயின் பேரில் சொன்னேன். நீ இப்போது சூடு செய்த வேலையை வெளிச்சத்தின் பேரில் எழுதுகிறாய். இதற்கு அத்தனை தூரம் போய் அத்தனை படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை. என்னோடு கொட்டிலில் நின்றே பழகியிருக்கலாம்.

நீ ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் வருஷம் உன் அம்மாவுக்கு முட்டி வலி வந்தது. ஒரு பின்னேரம் அவளை உட்கார வைத்து எண்ணெய் தேய்த்தேன். நீ புத்தகத்தை மூடிவிட்டு வந்து பார்த்தாய். "அப்பா, எண்ணெய் போடாம இதே மாதிரி தேச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். கன்னத்தில் அறைந்தேன். என் வாழ்நாளில் உன்னை அடித்தது அந்த ஒரு முறைதான். ஏன் அடித்தேன் என்று உனக்கு அன்று தெரியாது, நீ அழவும் இல்லை, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாய். ஏன் என்று இன்று சொல்கிறேன். அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது, அதைக் கேட்க எனக்குத் துணிவு இல்லை. அடுத்த வாரம் நீ டியூஷனுக்குப் போனபிறகு உன் அம்மாவின் இடது முட்டியில் எண்ணெய் போட்டும் வலது முட்டியில் போடாமலும் ஒரே அளவு தேய்த்தேன். கண்ணை மூடச் சொல்லி, எது சுகம் என்று கேட்டேன். "ரெண்டும் ஒன்னுதாங்க" என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதுவரை சொன்னது உனக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். இனிச் சொல்லப் போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. நீ வெளிநாடு போன அடுத்த வருஷம் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவருக்கு என் வயது இருக்கும், வைக்கோல் தொப்பி போட்டிருந்தார். காலையிலிருந்து இடது தோள் வலிக்கிறது, கை வரைக்கும் இழுக்கிறது, பையைச் சுமந்ததால் இருக்கும் என்றார். மத்தியானம் சீகிரியா மலை ஏறப் போவதாகச் சொன்னார். நான் தேய்த்தேன். பத்து நிமிஷத்தில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஏறலாமா என்று என்னைக் கேட்டார். என்னை, மகனே. வெள்ளைக் கோட்டுப் போட்ட என்னை. "ஏறலாம் சேர், நோ ப்ரொப்ளம்" என்றேன். இரண்டு நாள் கழித்து அவர்களைக் கூட்டி வந்த வேன் டிரைவர் நஸீர் நானா வேறு ஆட்களோடு வந்தார். என்னை ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, அன்னைக்குத் தோள்ல தேச்சு உட்டீங்களே, அந்த மனுசன் பாதிப் படியில உக்காந்துட்டாரு. தூக்கிட்டுத்தான் எறக்கினாங்க. ஹார்ட்டாம்." உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. ஆஸ்பத்திரியில எறக்கிட்டு வந்துட்டேன். அந்தம்மா ஒங்க எண்ணெய்ப் போத்தலக் கையில புடிச்சிக்கிட்டே நின்னுச்சு." அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த மனிதர் இருக்கிறாரா, செத்தாரா என்பது இன்று வரைக்கும் தெரியாது. நஸீர் நானா சொல்லி முடிக்கும்போது அவர் வேனில் வந்தவர்கள் வாங்கில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நான் போத்தலைத் திறந்தேன்.

எண்ணெய் யாரையும் கொல்லாது என்று நான் எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். உண்மைதான், எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் வலி போய்விட்டது என்று நம்பிய மனிதன் டொக்டரிடம் போக மாட்டான், மலை ஏறுவான். உன் கோடும் யாரையும் கொல்லாது என்று நீ சொல்வாய். சரி. ஆனால் நீதானே பெருமையாகச் சொன்னாய், "ஜனவரியில ஒரு புள்ள புதுசா சேருறா, என் ரிசல்ட்ட வச்சுத்தான் அவ மூணு வருஷம் வேல செய்யப் போறா" என்று. அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்காரி, பேர் என்ன என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் ஓர் அப்பன் இருப்பான், அவனிடமும் ஆட்கள் வந்து கை குலுக்கியிருப்பார்கள். அவள் ஒரு நாள் அந்தக் கண்ணாடித் தகட்டைத் திருப்புவாள். கோடு அதே பக்கம்தான் போகும். உன் பேர் அச்சில் இருப்பதால் உன்னைச் சந்தேகப்பட மாட்டாள், தன் கையில்தான் பிழை என்று நினைப்பாள். மறுபடி செய்வாள், மறுபடியும் செய்வாள். சாப்பாடு இறங்காது, ஊருக்குப் போனில் அழுவாள். நீ பக்கத்து அறையில் கோப்பி குடித்துக்கொண்டிருப்பாய். அவள் வந்து உன்னிடமே கேட்பாள், "அண்ணா, எனக்கு ஏன் வரவில்லை?" என்று. என்ன சொல்வாய்? உன் சாம்பிள் பழசு என்பாயா?

வெளிச்சத்தால் முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கென்ன தெரியும்? ஒருவேளை முடியும். அந்தச் சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச வித்தியாசம் உண்மையிலேயே வெளிச்சம் செய்ததாக இருக்கலாம் என்று நீயே முணுமுணுத்தாய். சாம்பிள் உண்மையாகவே பழசாகியும் இருக்கலாம். அப்படியானால் அதையும் எழுது. இரண்டு கோட்டையும் போட்டு, இதில் சூடு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று எனக்கு இன்னும் தெரியாது என்று எழுது. தெரியாது என்று சொல்வதற்குத்தானே உங்களுக்குச் சம்பளம் கொடுத்து அங்கே வைத்திருக்கிறார்கள்? தெரியும் என்று சொல்வதற்கு என்னைப் போல வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பேராசிரியருக்குக் கோபம் வரும். கட்டுரை நின்றுபோகலாம். ஃபாதர் மைக்கைப் பிடித்துச் சொன்னதை நான் போய்த் திருத்த வேண்டி வரும். திருத்துகிறேன். கை குலுக்கியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறேன். அந்த வெட்கத்தை எனக்கு விட்டுவிடு.

நேற்று, செவ்வாய்க்கிழமை, காலையில் ஒரு வேன் வந்தது, ஆறு பேர். மரங்களைக் காட்டினேன். கொட்டிலில் ஒரு வயதான வெள்ளைக்காரி முதலில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். கண்ணை மூடச் சொன்னேன். இடது கையில் எண்ணெய் போட்டு நூறு தேய்ப்பு, வலது கையில் வெறுங்கையால் நூறு தேய்ப்பு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்தேன். எது நல்லது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, இரண்டும் ஒன்றுதான், வலதுதான் ஒரு பொட்டு அதிகம் சுகம் என்றார். "தென் இட்ஸ் த ஹேண்ட், மேடம். நொட் த ஒயில்" என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். ஆறு பேரும் கை தட்டினார்கள். கொக்கோத் தண்ணி குடித்துவிட்டு ஒரு போத்தல்கூட வாங்காமல் வேனில் ஏறினார்கள். முதலாளி கல்லாவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. "ஹெட்ட இந்தலா என்ன எப்பா" என்று சிங்களத்தில் சொன்னார். நாளையிலிருந்து வராதே. இருபத்தேழு வருஷத்துக்கு நாலு சொல். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபத்தில் மிச்சம் வைக்காமல் நீயே எடுத்துக்கொண்டாய்.

உன் அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. "அன்னைக்கு என் முட்டியில தேச்சுப் பாத்தீங்களே, அப்பவே ஒங்களுக்குத் தெரியும் இல்ல?" என்றாள். தெரியும் என்றேன். "எனக்கும் தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." அத்தனை வருஷமும் அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மட்டும் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீயும் இப்போது அப்படித்தான் நினைக்கிறாய். ஆனால் எனக்குத் தெரியும், மகனே. நான் இங்கே பார்த்துக்கொண்டே இருப்பேன்.

வேலை போன செய்தி கேட்டு எனக்குப் போன் எடுக்காதே, ஆறுதல் சொல்லாதே, எதுவும் அனுப்பாதே. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அச்சுக்குப் போகும் படத்தை மட்டும் உன் அம்மாவின் போனுக்கு அனுப்பு. உன் கட்டுரையில் எழுதியிருப்பது எனக்கு ஒரு வரியும் விளங்காது. ஆனால் கோடுகளை எண்ணத் தெரியும். இரண்டு இருக்க வேண்டும்.

அப்பா